மஞ்சத் தண்ணி தொட்டா விடை சொல்ற குட்டிப் புக்கு: காதுகுத்துக்கு 60 பிரதி செஞ்ச அனுபவம்

போன ஞாயித்துக்கிழமை அக்கா மகனுக்கு மொட்டையடிச்சு காது குத்துனோம், உசிலம்பட்டிக்கு அங்கிட்டு மச்சான் வீட்டு குலசாமி கோயில்ல. தாய்மாமன் நான்தான், என் மடியில வச்சுத்தான் குத்துனாங்க. சீர்த்தட்டு 21 கொண்டு போனோம், அதுல ஒரு தட்டுல மட்டும் பழமோ துணியோ கிடையாது, உள்ளங்கை அளவுல 60 குட்டிப் புக்கு. ஒரே ஒரு ஏ4 தாள மடிச்சு நடுவுல ஒரு வெட்டு போட்டா 8 பக்கம் வரும்ல, அந்தப் புக்கு. உள்ள ஆறு பக்கத்துல பக்கத்துக்கு ஒரு விடுகதை. விடை இருக்க வேண்டிய எடம் வெள்ளையா கெடக்கும். கூடவே கட்டிக் குடுத்த மஞ்சப்பொடிய தண்ணியில கொழைச்சு பஞ்சால ஒத்துனா விடை செவப்பா படமா வந்து நிக்கும்.

பந்தி முடிஞ்சதும் வேப்பமரத்தடியில புள்ளைக எல்லாம் ஒரு சொம்பு தண்ணிய சுத்தி உக்காந்துட்டாங்க. "டேய் வந்துருச்சுடா, வெண்டைக்காடா"ன்னு ஒருத்தன் கத்துறான். தை மாசம் ஆரம்பிச்ச வேலை, மூணு தடவ தோத்து நாலாவது தடவதான் சரியா வந்துச்சு. எங்க எங்க தப்பு பண்ணேன்னு வரிசையா எழுதி வைக்கிறேன், அடுத்து செய்யுறவங்க அந்த மூணையும் தாண்டி ஆரம்பிக்கட்டும்.

இது எப்படி மண்டையில ஏறுச்சுன்னா, பொங்கலுக்கு போட்ட வெள்ளைச் சட்டையில சாம்பார் சிந்திருச்சு, அம்மா சோப்பு போட்டு ஊற வச்சாங்க, மஞ்சக் கறை அப்படியே ரத்தம் மாதிரி செவந்துருச்சு. எல்லா வீட்லயும் நடக்குறதுதான், நானும் நூறு தடவ பாத்திருக்கேன், அன்னைக்குத்தான் நின்னு பாத்தேன். ஆரத்தி தட்டுல மஞ்சத்தண்ணியில சுண்ணாம்பு போட்டதும் செவக்குமே அதே வேலைதான், மஞ்சள்ல சோப்பு, சுண்ணாம்பு மாதிரி காரப் பொருள் பட்டா செவப்பு. அப்ப சுண்ணாம்புத் தண்ணியில எழுதி காயவிட்டா யாருக்கும் தெரியாது, மேல மஞ்சத்தண்ணி பட்டா எழுத்து வெளிய வரும்ல? அப்பத்தாகிட்ட சொன்னேன். அவங்களுக்கு 84 வயசு, எங்க வீட்ல விடுகதைன்னா அவங்கதான். "விடைய ஒளிச்சு வைக்கணும்னா நல்லாத்தானப்பா இருக்கும், நீ செய்யி, நான் சொல்றேன்"னாங்க. இந்த மாதிரி கையால செஞ்சு நாலு பேருக்கு குடுக்குற புக்குக்கு இப்ப வேற பேரெல்லாம் சொல்றாங்க, நம்ம பக்கம் கையெழுத்துப் பத்திரிகைன்னு முன்னாடியே இருந்ததுதான். அப்பத்தாவுக்கு தெரிஞ்ச குட்டிப் புக்குன்னா மதுரை புது மண்டபத்துல அப்ப வித்த பெரிய எழுத்துக் கதைப் புக்கு, தாத்தா வாங்கிட்டு வந்து ராத்திரி ராகம் போட்டு படிப்பாராம், இவங்க கேப்பாங்களாம்.

முதல்ல மடிப்பு. ஏ4 தாள படுக்க வச்சு குறுக்க நாலு, நெடுக்க ரெண்டுன்னு எட்டா மடிச்சா ஒரு பக்கம் 74க்கு 105 மில்லிமீட்டர் வரும். நடுக்கோட்டுல, நடுவுல இருக்குற ரெண்டு கட்டத்துக்கு மட்டும் வெட்டணும், அதாவது 148 மில்லிமீட்டர். அப்புறம் நெடுக்க மடிச்சு ரெண்டு முனையவும் பிடிச்சு உள்பக்கமா தள்ளுனா கூட்டல் குறி மாதிரி விரியும், சுத்தி மடக்குனா புக்கு. ஒட்டு கிடையாது, பின் கிடையாது. பக்க வரிசைதான் தலைய சுத்தும். கீழ் வரிசையில இடமிருந்து வலம் 6, 7, 8, 1. மேல் வரிசையில 5, 4, 3, 2, அந்த மேல் வரிசை நாலும் தலைகீழா இருக்கணும். இத ஒரு வெத்துத் தாள்ல மடிச்சு பக்கத்துல நம்பர் போட்டு மறுபடி பிரிச்சு பாத்துக்கிட்டா குழப்பமே வராது.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், தாளோட பின்பக்கம் முழுசும் உள்ளயே ஒளிஞ்சுக்கும். புக்கா மடிச்சு இருக்கும்போது யாருக்கும் தெரியாது. முழுசா பிரிச்சாத்தான் ஒரு ஏ4 அளவுக்கு பெரிய பக்கம் இருக்குன்னே தெரியும். அங்க என்ன வைக்கலாம்னு யோசிச்சப்ப அப்பத்தாவோட தண்டட்டி ஞாபகம் வந்துச்சு. அவங்க காதுல தொங்குன தண்டட்டிய வித்துத்தான் எங்கப்பாவ காலேஜ் படிக்க வச்சாங்க. காதுகுத்துக்கு இத விட பொருத்தமான கதை எங்க கெடைக்கும். அவங்க சொல்லச் சொல்ல நான் கையால எழுதி நடுவுல தண்டட்டி படம் வரைஞ்சேன், அவங்க விரலால அளவு காட்டுன சைஸுக்கே.

தாள் விஷயத்துல முதல் தோல்வி. வீட்ல இருந்த மெல்லிசான 70 ஜிஎஸ்எம் (தாளோட கன அளவு) தாள்லயே முதல் பத்து செஞ்சேன். தண்ணி பட்டதும் அப்பளம் மாதிரி நெளிஞ்சுருச்சு, அடுத்த பக்கத்துக்கும் ஊறிருச்சு. அது போக பிரிண்ட் வீட்டு இங்க்ஜெட்ல எடுத்தது, மஞ்சத்தண்ணி தொட்டதும் கறுப்பு மை கரைஞ்சு ஓடி விடுகதையே காணாமப் போச்சு. பத்தும் குப்பை. ஜெராக்ஸ் மெஷின்ல பொடிய சூட்டுல உருக்கி தாள்ல ஒட்ட வைக்கிறாங்க, அது தண்ணிக்கு அசையாது. தண்ணி படுற எந்த வேலைக்கும் ஜெராக்ஸ்தான், இது ஒண்ண மட்டுமாச்சும் நெஞ்சுல வச்சுக்கோங்க.

அடுத்து அத விட கனமான 100 ஜிஎஸ்எம் பாண்ட் தாள் வாங்குனேன். தண்ணிக்கு தாங்குச்சு, ஆனா மடிச்ச எடத்துல எல்லாம் நூல் நூலா வெடிச்சுச்சு, புக்கும் மூடாம வாயப் பொளந்துக்கிட்டே நின்னுச்சு. டவுன்ல ஒரு சந்துக்குள்ள பைண்டிங் பண்ற அண்ணன் ஒருத்தர் இருக்காரு, அவர்ட்ட காட்டுனேன். தாள கையில வாங்கி ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாத்தாரு. "தம்பி, தாளுக்கு நார் ஓட்டம் இருக்கு. மூங்கில பொளக்குற மாதிரி நெடுக்கப் போனா வழுக்கிட்டு போகும், குறுக்கப் போனா சிம்பு சிம்பாத்தான் வரும். உன் புக்குக்கு முதுகு குறுக்க வருது, ஏ4ல நார் நெடுக்க ஓடுது, அப்புறம் எப்படி படியும்?"னாரு. அதுக்கு வழியும் அவரே சொன்னாரு. ஏ3 தாள் வாங்கி ரெண்டா வெட்டுனா வர்ற ஏ4ல நார் குட்டைப் பக்கமா ஓடும், அப்ப புக்கு முதுகு நாரோடயே மடியும். அப்படியே செஞ்சேன். ரெண்டு தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மடிச்சுப் பாருங்க, விரலுக்கே வித்தியாசம் தெரியும், ஒண்ணு முரண்டு பிடிக்கும், இன்னொண்ணு சொன்ன பேச்சு கேக்கும்.

ஆக ஏ3ல பக்கத்துல பக்கத்துல ரெண்டு பிரதி வர்ற மாதிரி வச்சு ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து அந்த அண்ணன்கிட்டயே மெஷின்ல வெட்டிக்கிட்டேன். ஜெராக்ஸ்ல ஓரத்துல அரை சென்டிமீட்டர் எப்படியும் விழாது, அதனால எழுத்த ஓரம் வரைக்கும் கொண்டு போகாதீங்க. இன்னொரு தப்பு, தண்டட்டிய முதல்ல முழுக் கறுப்பா அடிச்சு வரைஞ்சிருந்தேன், மடிப்பு அதுக்கு மேல போனதும் கறுப்பு செதில் செதிலா உதிர்ந்து வெள்ளைக் கோடு விழுந்துருச்சு. வெறும் கோட்டுப் படமா மாத்தி வரைஞ்சதும் சரியாப் போச்சு.

மடிக்க, வெட்ட பெரிய கருவி ஒண்ணும் வேணாம். 30 சென்டிமீட்டர் ஸ்டீல் ஸ்கேல், மடக்குற கட்டர், கீழ வைக்க பழைய தினசரி காலண்டர் அட்டை. மடிப்ப அழுத்த எவர்சில்வர் ஸ்பூனோட முதுகு. நேரா தேய்ச்சா தாள் பளபளன்னு ஆயிரும், அதனால மேல ஒரு துண்டுத்தாள் வச்சு அதுக்கு மேல தேய்க்கணும். கட்டர் பிளேடு 20 தாளுக்கு ஒருக்கா நுனிய ஒடிச்சிரணும், மழுங்குன பிளேடு வெட்டாது, கிழிக்கும்.

இப்ப மை. எலுமிச்சம்பழச் சாறுலதான் முதல்ல ஆரம்பிச்சேன், சின்ன வயசுல எல்லாரும் செஞ்சதுதான். அதுக்கு சூடு காட்டணும். அப்ப குண்டு பல்புல காட்டுனா போதும், இப்ப வீடு முழுக்க எல்இடி, அதுல எங்க சூடு. அயர்ன் பாக்ஸ வச்சேன், எழுத்து வந்துச்சு, ரெண்டு செகண்டு கூட வச்சா தாளும் சேந்து காந்திருச்சு. கோயில் திடல்ல புள்ளைக கையில அயர்ன் பாக்ஸ குடுக்கவா முடியும். அத அன்னைக்கே விட்டுட்டேன்.

ரெண்டாவது வெத்தலைச் சுண்ணாம்பு. பெட்டிக்கடையில 5 ரூபாய்க்கு வாங்கி தண்ணியில கலக்கி ராத்திரி தெளிய விட்டு மேல் தண்ணிய மட்டும் எடுத்து எழுதுனேன். அன்னைக்கே மஞ்சத்தண்ணி தொட்டுப் பாத்தப்ப குங்குமத்துல எழுதுன மாதிரி ஒரு செவப்பு! உண்மையிலயே குங்குமமே பழைய முறையில மஞ்சளும் சுண்ணாம்பும் சேத்து செய்யுறதுதானே. சந்தோஷத்துல ஒரே மூச்சா 40 தாள் எழுதிட்டேன். பத்து நாள் கழிச்சு ஒண்ண எடுத்து தொட்டுப் பாக்குறேன், எழுத்து வெளிறிப் போயி கண்ண இடுக்கிப் பாத்தாத்தான் தெரியுது. அடுத்தது, அதுக்கடுத்தது, எல்லாமே அப்படித்தான். சுவத்துல வெள்ளை அடிச்சா காத்துப் பட்டு இறுகுதுல்ல, காத்துல இருக்குற கரியமில வாயுவ இழுத்து சுண்ணாம்பு வெறும் சாக்பீஸ் மாதிரி ஆயிரும், காரம் போயிரும். தாள் மேலயும் அதே கதைதான். 40 தாளும் போச்சு. அன்னைக்கே செஞ்சு அன்னைக்கே காட்டுறதுன்னா சுண்ணாம்பு மாதிரி வேற எதுவும் செவக்காது, வச்சிருந்து குடுக்க அது ஆகாது.

மூணாவது ஆப்ப சோடா. இதுதான் கடைசி வரைக்கும் நின்னுச்சு. இதுலயும் அளவு தப்புனா மாட்டிக்குவோம். முதல்ல 50 மில்லி தண்ணிக்கு ஒரு ஸ்பூன் போட்டேன், காஞ்சதும் உப்பு பூத்த மாதிரி வெள்ளையா மின்னுச்சு, ஒளிச்சு வச்ச லட்சணமே போச்சு. அரை ஸ்பூனா கொறைச்சதும் கண்ணுக்குத் தெரியல, செவப்பும் நல்லாவே வந்துச்சு, சுண்ணாம்பு அளவுக்கு ரத்தச் செவப்பு இல்ல, செங்கல் நிறம்னு சொல்லலாம். 50 மில்லி அளக்க இருமல் மருந்து மூடி 10 மில்லி, அதுல அஞ்சு. மூணு வாரம் டப்பாவுல வச்சிருந்த தாளும் அப்படியே செவந்துச்சு.

விடைய எழுதணும்ல, 6 விடை, 60 பிரதி, ஆக 360 தடவ. பிரஷ்ல எழுதுனா தண்ணி நெறைய ஏறி அந்த எடம் மட்டும் உப்பிக்கிட்டு காட்டிக் குடுத்துரும். பால்பாயிண்ட் ரீஃபில கழுவி அதுல தொட்டு எழுதுனா பள்ளம் விழும், சாய்ச்சுப் பிடிச்சா வெளிச்சத்துல படிச்சிரலாம். கடைசியில எக்ஸ்ரே ஷீட்ல அச்சு வெட்டலாம்னு முடிவு பண்ணேன், ஊர்ல சைக்கிள்லயும் டிரம்முலயும் பேரு அடிக்க வெட்டுவாங்கள்ல அது மாதிரி. அப்பாவோட பழைய நெஞ்சு எக்ஸ்ரே ஒண்ணு பீரோ மேல கெடந்துச்சு, பிளீச்சிங் பவுடர் தண்ணியில ஊறப் போட்டு தேய்ச்சா கறுப்பு வழண்டு வந்து கண்ணாடி மாதிரி ஆயிரும், கீழ இருக்குற தாள் தெரியும்.

அச்சுல முதல்ல எழுத்துதான் வெட்டுனேன். 'தேன்கூடு'ன்னு வெட்டி முடிச்சு தூக்குனா சுழிக்குள்ள இருக்குறதெல்லாம் பொத்து பொத்துன்னு விழுந்துருச்சு, வெறும் ஓட்டைதான் மிச்சம். தமிழ் எழுத்துல எத்தனை சுழி இருக்குன்னு கட்டர கையில பிடிச்சாத்தான் தெரியும். சுழிக்கு சுழி பாலம் விட்டு வெட்டிப் பாத்தேன், படிக்க முடியல. அக்காதான் சொன்னா, "படமா வச்சிருடா, படிக்கத் தெரியாத புள்ளையும் பாக்கும்ல"ன்னு. அந்த ஒரு வார்த்தையில வேலை பாதியா கொறைஞ்சுச்சு.

அப்பத்தா சொன்னதுல படமா வரையக் கூடியத பாத்து ஆறு எடுத்தோம். வெள்ளை மாளிகை, உள்ள போக வாசல் இல்ல. பச்சைப் பொட்டிக்குள்ள வெள்ளை முத்து. ஆயிரம் தச்சர் கூடி அழகா கட்டுன மண்டபம், ஒருத்தன் கண்ணு பட்டு ஒடைஞ்சுச்சாம். தாய் படுத்துக் கெடப்பா, மக ஓடித் திரிவா. இப்படி. முட்டை, வெண்டைக்காய், தேன்கூடு, அம்மியும் குழவியும், கூட நிலாவும் மிளகா வத்தலும். "ஓடையில ஓடாத தண்ணி, ஒருத்தரும் குடிக்காத தண்ணி"ன்னு கண்ணீருக்கு ஒண்ணு சொன்னாங்க, அது எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஆனா விசேஷ வீட்ல கண்ணீர் வேணாம்னு அவங்களே எடுத்துட்டாங்க.

மடிச்ச புக்குல ஒவ்வொரு பக்கமா அச்ச வச்சு ஒத்திக்கிட்டு இருந்தேன், ஒரு புக்குக்கு 9 நிமிஷம் ஆச்சு. அப்புறம்தான் புத்தி வந்து, மடிக்கிறதுக்கு முன்னாடியே தட்டையா வச்சு ஒரே ஏ4 எக்ஸ்ரேயில ஆறு படத்தையும் அதது எடத்துல வெட்டிட்டேன். அதுலயும் ஒரு சறுக்கல், மேல் வரிசை தலைகீழா இருக்கணும்னு விடுகதைக்கு செஞ்சவன் படத்துக்கு மறந்துட்டேன். முட்டையும் நிலாவும் எப்படி வச்சாலும் ஒண்ணுதான், வெண்டைக்காயும் தேன்கூடும் தலைகீழா வந்து நிக்குது. மறுபடி வெட்டுனேன்.

ஒத்துற விதம்தான் இதுல கை பழக வேண்டியது. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சுல விரல் அளவு வெட்டிக்கோங்க, சோடாத் தண்ணியில முக்கி நல்லா பிழிஞ்சு, ஒரு தடவ உள்ளங்கையில ஒத்திப் பாத்து ஈரம் மட்டும் படுதா, சொட்டு நிக்குதான்னு பாருங்க. சொட்டு நின்னா அச்சுக்கு அடியில ஓடி படம் பரவிரும். நேரா மேலருந்து ஒத்தி எடுக்கணும், இழுக்கவே கூடாது. இப்படி பண்ணா ஒரு தாளுக்கு ஒரு நிமிஷம்தான், காய பத்து நிமிஷம். காஞ்சதும் லேசா நெளிவு இருக்கும், அத அடுக்கி மேல பலகை வச்சு 25 கிலோ அரிசி மூட்டைய ஒரு ராத்திரி தூக்கி வச்சேன், காலையில எங்க ஒத்துனோம்னு எனக்கே தெரியல.

எட்டாவது பக்கத்துக்கு படம் கிடையாது. அங்க அப்பத்தா கையெழுத்து. அவங்க பள்ளிக்கூடம் போனதில்ல, 1990-கள்ல அறிவொளி இயக்கம் வந்தப்ப ராத்திரி வகுப்புல உக்காந்து பேரு மட்டும் எழுதக் கத்துக்கிட்டாங்க, அஞ்சு எழுத்து. அதுக்கு முன்னாடி எல்லாத்துக்கும் கைநாட்டுத்தான். 60 தாளுக்கும் அவங்களே போடணும்னு எனக்கு ஆசை, கேக்கவும் தயக்கம். கேட்டதும் கண்ணாடிய எடுத்து மாட்டிக்கிட்டு "கொண்டா"ன்னாங்க. காது குடைற பட்ஸ சோடாத் தண்ணியில தொட்டுக் குடுத்தேன். முதல் எழுத்து போட்டு முடிக்கும்போது பாதி காஞ்சு மறைஞ்சுருச்சு. "எழுதுனது எனக்கே தெரிய மாட்டேங்குதேப்பா, எதுல விட்டேன்?" அப்புறம் டியூப் லைட்டுக்கு நேரா தாள சாய்ச்சுப் பிடிச்சேன், ஈரம் காயுற வரைக்கும் கோடு மினுங்கும், அந்த மினுக்கத்த பிடிச்சுக்கிட்டே அடுத்த எழுத்துக்குப் போவாங்க. நாலாவது எழுத்துல எப்பவும் ஒரு நிமிஷம் நிப்பாங்க, அதுல கொம்பு இருக்கு, சுழிய எந்தப் பக்கம் போடணும்னு காத்துல விரலால ஒரு தடவ எழுதிப் பாத்துட்டு தாள்ல போடுவாங்க. ஒரு நாளைக்கு பத்து, பன்னெண்டு. அஞ்சு நாள் ஆச்சு. ஒரு தாள்ல எழுத்து விட்டுப் போச்சுன்னு வேற தாள் கேட்டு வாங்கி மறுபடி போட்டாங்க.

மூடி குடுக்குற விதத்துலயும் சுத்திட்டேன். ஒட்டு இல்லாம தாளாலயே பூட்டுற கலை ஒண்ணு இருக்கு, கவர் வர்றதுக்கு முன்னாடி கடிதத்தையே மடிச்சு பூட்டுவாங்க. ஸ்காட்லாந்து ராணி மேரி 1587 பிப்ரவரி 8-ஆம் தேதி தலையை வெட்டுறதுக்கு சில மணி நேரம் முன்னாடி எழுதுன கடைசிக் கடிதத்த அப்படித்தான் பூட்டியிருக்காங்க, அந்தத் தாளோட ஓரத்துலயே ஒரு பட்டை கீறி, கடிதத்த மடிச்சு ஓட்டை போட்டு, அந்தப் பட்டையவே ஊசிநூல் மாதிரி உள்ள விட்டு விட்டு இழுத்துருக்காங்க. பிரிச்சா பட்டை கிழியும், யாராச்சும் படிச்சா தெரிஞ்சிரும். நானும் 5 மில்லிமீட்டர் பட்டை வெட்டி புக்குல கோத்துப் பாத்தேன். அழகாத்தான் இருந்துச்சு. ஆனா அது கிழிஞ்சாத்தான் தெறக்கும், புள்ளைக இழுக்குற இழுவைக்கு புக்கும் சேந்து கிழியும்.

அப்புறம் மளிகைக் கடை பொட்டலத்துக்கே வந்தேன், கோயில்ல விபூதி மடிச்சுத் தர்ற அதே மடிப்பு. 10 சென்டிமீட்டர் சதுரத் தாள், நடுவுல அரை ஸ்பூன் மஞ்சப்பொடி. கீழ் ஓரத்த மேல் ஓரத்துக்கு ஒரு விரல்கடை கீழ வரைக்கும் மடிச்சு, மேல் ஓரத்த அதுக்கு மேல ரெண்டு சுத்து சுத்தி, இடது வலது ரெண்டையும் பின்னாடி மடக்கி, ஒண்ணு வாய்க்குள்ள இன்னொண்ண செருகிட்டா பூட்டு விழுந்துரும். கவுத்து ஆட்டுனாலும் பொடி கொட்டாது. புக்கு மேல பொட்டலத்த வச்சு கூட ஒரு பஞ்சு வச்சு நூலால குறுக்கும் நெடுக்கும் ஒரு கட்டு. முதல்ல பூ கட்டுற வாழைநார்ல கட்டுனேன், நனைச்சாத்தான் நார் வளையும், அந்த ஈரம் அட்டைப் பக்கத்துல கோடு போட்டுருச்சு. வெள்ளை நூலே போதும்.

மஞ்சள் தடவுறதப் பத்தி ஒண்ணு. தண்ணிய நெறைய ஊத்துனா சோடா கரைஞ்சு படம் கலைஞ்சு செவப்புக் குட்டையா நிக்கும். சானிடைசர்ல மஞ்சப்பொடிய கொழைச்சா மஞ்சளும் நல்லா கரையும், சோடாவும் அவ்வளவா கரையாது, கோடு கத்தி மாதிரி நிக்கும். சின்னப் புள்ளைக கையில அது வேணாம்னு தண்ணியே வச்சேன், பஞ்ச பிழிஞ்சு ஒத்தச் சொன்னேன். வந்த படத்து மேல எலுமிச்சம்பழம் தேய்ச்சா மறுபடி மஞ்சளாயிரும், அத திடல்ல செஞ்சு காட்டுனப்ப ஒரு பொண்ணு மூணு தடவ செய்யச் சொல்லிட்டா.

செலவு. ஏ3 பாண்ட் 40 தாள் 120 ரூபா, ரெண்டு பக்க ஜெராக்ஸ் 240, வெட்டுக்கூலி 20, சோடா 10, மஞ்சப்பொடி 35, பஞ்சு 40, கட்டர் பிளேடு 30, ஸ்பாஞ்சு 15. மொத்தம் 510, ஒரு புக்கு எட்டரை ரூபா. வீணாப் போன மூணு தடவைக்கு தனியா ஒரு 350 போயிருக்கும். மடிக்கிறதுக்கு மட்டும் நானும் அக்காவும் ரெண்டு ராத்திரி உக்காந்தோம்.

கோயில்ல நடந்ததையும் சொல்லணும். எப்படி செய்யணும்னு கடைசிப் பக்கத்துல அடியில பொடி எழுத்துல போட்டிருந்தேன், அத யாருமே படிக்கல. பெரியவங்க தேங்காப்பையில போட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டாங்க. மறுநாள் ஒரு மதினி போன் பண்ணி "தம்பி, அதுல என்னமோ தடவணுமாம்ல, இவன் அழுவுறான்"னு கேட்டாங்க. அடுத்த தடவ அட்டையிலயே பெரிய எழுத்துல "மஞ்சத்தண்ணி தொட்டு ஒத்துங்க"ன்னு போட்டுருவேன். ஒரு பாப்பாவோட பட்டுப்பாவாடையில மஞ்சள் சிந்திருச்சு, சோப்பு போடாம அலசி வெயில்ல காயப் போடுங்கன்னு சொல்லி அனுப்புனேன், வெயில்ல மஞ்சக்கறை வெளுத்துரும். ஆனா பட்டுத்துணிய வெயில்ல போடச் சொல்லவே மனசு வரல, தப்பு என் மேலதான். இனிமே பொடிக்கு பதிலா பஞ்சையே மஞ்சள்ல ஊற வச்சு காயப் போட்டு கட்டிக் குடுக்கப் போறேன், அத ஈரம் பண்ணி ஒத்துனா போதும், கையும் துணியும் தப்பிச்சுரும். தடவி முடிச்ச பக்கத்த வெயில் படாத எடத்துல வைக்கச் சொல்லவும் விட்டுட்டேன்.

அப்பத்தா வேப்பமரத்தடியில சேர் போட்டு உக்காந்திருந்தாங்க. ஆறாவது படிக்கிற பொண்ணு ஒண்ணு கடைசிப் பக்கத்த ஒத்தி எடுத்து, அஞ்சு எழுத்தையும் கூட்டிப் படிச்சு, "இது யாரு பேரு?"ன்னு கேட்டுச்சு. அப்பத்தா கண்ணாடி இல்லாமயே தாள வாங்கி கிட்டக்க வச்சுப் பாத்தாங்க. "நாலாவது எழுத்து சரியாத்தான் போட்டிருக்கேன்"னாங்க என்னப் பாத்து.

80 தாள்ல 60 போக, கெட்டது போக நாலு புக்கு மிச்சம் இருக்கு. நாலையும் டிரங்குப் பெட்டியில போட்டு மேல தேதி எழுதி வச்சிருக்கேன், ஆடியில ஒண்ணு, தீபாவளிக்கு ஒண்ணு, அடுத்த பொங்கலுக்கு ஒண்ணு தொட்டுப் பாக்கணும், சோடா எத்தனை மாசம் தாங்குதுன்னு அப்பத் தெரியும். நாலாவது தொடுறதுக்கு இல்ல.